பாசிர் ரிஸ்ஸில் ஓர் ஒத்திகை

போட்ஸ்வானாவுக்கு இன்னும் இருபத்தொரு நாள்.
அதற்குள் ஒரு ராத்திரியாவது
கூடாரத்தில் படுத்துப் பார்த்துவிடுவோம் என்று
வாட்ஸ்அப்பில் எழுதினார் ஹோக் செங்.
எட்டுப் பேரும் கட்டைவிரல் காட்டினோம்.

கடற்கரையில் படுக்க அனுமதி எடுத்தாயிற்று:
கூடாரம் நான்கு, ஆட்கள் எட்டு, ஓர் இரவு.
ஞானசுந்தரி அதை அச்செடுத்து
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள்,
சுற்றுலாவில் தொலைந்துவிடக் கூடாத பிள்ளை மாதிரி.

தனியாகப் பணம் கட்டியவர்களை
இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.
எனக்கு வாய்த்தவர் ரோஸ்னா.
தெம்பனிஸில் பல் மருத்துவரிடம் வேலை.
"நான் குறட்டை விடுவேன்" என்பதுதான்
அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.
"நான் தூக்கத்தில் எண்ணுவேன்" என்றேன்.
இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில்
கொள்கலன் எண்ணியவள்
வேறு எதை உளறுவேன்.

கொசுவர்த்திப் புகைக்கு நடுவே
வழிகாட்டி அனுப்பிய விதிகளை
மார்ட்டின் உரக்க வாசித்தார்.
நீர்யானைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்காதே.
(ஆறு இல்லை, ஒரு கால்வாய் இருந்தது.
எதற்கும் தள்ளி நின்றோம்.)
கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்காதே.
இருட்டிய பின் ஜிப்பைத் திறக்காதே.
ஏதாவது வந்தால், வந்துவிட்டுப் போகட்டும்.
கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது.
வீட்டிலும் ஒட்டிவைக்கலாம்.

தலைக்கு மேல் விமானங்கள்
தாழப் பறந்து போய்க்கொண்டிருந்தன.
ஒவ்வொன்றுக்கும் ஹோக் செங்
"இது ஜொகன்னஸ்பர்க்" என்றார்.
அன்றைக்கு உலகமே
ஜொகன்னஸ்பர்க் போய்க்கொண்டிருந்தது.
உபின் தீவில் இரண்டு விளக்கு.
தெக்கோங் பக்கம் ஏதோ வெடித்தது;
யார் பெற்ற பிள்ளைக்கோ பயிற்சி.

மணி இரண்டு நாற்பது.
முதலில் சருகு. பிறகு மூச்சு.
ஈரமான, அவசரமே இல்லாத மூச்சு,
என் காதுக்கு ஒரு சாண் தள்ளி.
ரோஸ்னாவின் குறட்டை நின்றது.
கூடாரத் துணி உள்பக்கமாகப் புடைத்தது,
ஒரு மூக்கின் அளவுக்கு.

காட்டுப்பன்றி என்று தெரியும்.
வாகன நிறுத்துமிடத்துப் பலகையில்
படமே போட்டிருக்கிறது.
தெரிந்து என்ன.
அந்த இருட்டில் அதற்குப் பெயர் இல்லை,
எடை மட்டும் இருந்தது.
தூக்கும் முன்பே பெட்டியின் எடையை
அடித்துச் சொல்லும் என்னால்
அதைச் சொல்ல முடியவில்லை.

ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றியது.
பற்றியது பற்றியபடி இருந்தது.
இருவரும் ஜிப்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்,
பழுதாகி நின்றுவிட்ட மின்தூக்கியில்
கதவையே பார்ப்பது போல.

வந்தது.
நெடுநேரம் இருந்தது.
போனது.

காலையில் புல்லெங்கும் கறிபஃப் உறைகள்.
விதியை மீறியது யார் என்று
பல் துலக்கிக்கொண்டே விசாரணை.
வாசித்த மார்ட்டின்தான்.
ஆறு வாங்கினாராம், ஒன்றுதான் தின்றாராம்.

எங்கள் கயிற்றோரம் ஈர மணலில்
பெரிய குளம்பு ஒரு வரிசை,
பின்னாலேயே பொத்தான் அளவில் குளம்புகள்.
எண்ணினேன். குட்டிகள் ஐந்து.
மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான்.
வரிசை ஒரு கயிற்றைக்கூட இடறாமல்
நான்கு கூடாரத்தையும் சுற்றி வந்து
கண்டல் மரங்களுக்குள் போயிருந்தது.
எங்களைவிட நல்ல வழிகாட்டி அவளுக்கு.

ஏழரைக்குப் பூங்கா அதிகாரி வந்தார்.
ஞானசுந்தரி கழுத்தை நீட்டிச்
சீட்டைக் காட்டினாள்.
"ராத்திரி ஏதாவது தொந்தரவா?"
"ஒன்றுமில்லை" என்றார் ரோஸ்னா,
நான் வாய் திறக்கும் முன்பே,
கூடாரக் கம்பிகளை மடித்தபடி,
என் பக்கம் பார்க்காமல்.

வலது மணிக்கட்டில்
நான்கு நகப்பிறைகள் சிவந்திருந்தன.
கைக்கடிகாரத்தைக் கழற்றி
இந்தக் கைக்கு
மாற்றிக் கட்டிக்கொண்டேன்.